மைக் முன்னாடி யார் போறது?

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் இண்டக்ஷன்ல ஒரு தடவை, சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ்ல ஒரு தடவை, ஆசிரியர் தினத்தன்னைக்கு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா அனுப்புற ஃபார்வேர்டுல ஒரு தடவைன்னு எப்படியும் கேட்டிருப்பீங்க.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டோட முதல் பரிசோதனை. ப்ராஜெக்ட் டைரக்டர் அப்துல் கலாம். கிளம்பின ராக்கெட் வங்காள விரிகுடாவுல விழுந்தது. பத்திரிகைக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. கலாமை முன்னாடி தள்ளாம, இஸ்ரோ சேர்மன் தானே மைக் முன்னாடி போய் உட்கார்ந்து அந்தத் தோல்வியை ஏத்துக்கிட்டார். 1980 ஜூலை 18 அன்னைக்கு அதே எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில விட்டது. இந்தத் தடவை அவர் ஒதுங்கி நின்னு, கலாமைப் பேசச் சொன்னார்.

கதை முடியும். கை தட்டுவோம். அடுத்த ஸ்லைடு வரும்.

சரி, அந்த சேர்மன் பேர் என்ன? பக்கத்து பெஞ்சுல கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. அவர் பேர் சதீஷ் தவான். இந்தக் கட்டுரை அவரைப் பத்தி. கொஞ்சம் என்னைப் பத்தியும். அதை எழுத எனக்கு அவ்வளவா இஷ்டம் இல்ல, ஆனா எழுதணும்.

லிட்ரேச்சர் சர்வேல வந்த மனுஷன்

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், சின்ன ட்ரோன் இறக்கை மேல காத்தோட்டம் எந்த இடத்துல சீராப் போறதை விட்டுட்டுக் கலங்க ஆரம்பிக்குதுங்கிறதைப் பத்தினது. லிட்ரேச்சர் சர்வே பண்ணும்போது 1958-ல வந்த ஒரு பேப்பர் மறுபடி மறுபடி வந்து நின்னுச்சு. எழுதினவங்க தவான், நரசிம்ஹா. ரொம்பப் பழசுன்னு முதல்ல ஒதுக்கிட்டேன். ஆனா எந்தப் புது பேப்பரைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்துல அதே ரெண்டு பேர்.

அப்புறம்தான் உறைச்சுது. அதே தவானா? ராக்கெட் கதைல வர்றவரா?

அவரேதான். 1920-ல ஸ்ரீநகர்ல பிறந்தவர். லாகூர்ல இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்துல கணிதமும் இயற்பியலும் படிச்சார், ஆங்கில இலக்கியத்துல எம்.ஏ. வாங்கினார், அப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் படிச்சார். மூணும் ஒரே ஆள். பிளஸ் டூ முடிச்சதும் 'இலக்கியம் படிச்சா சோறு கிடைக்காது'ன்னு கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும். அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஒரு பட்டம், அப்புறம் கால்டெக்ல ஹான்ஸ் லீப்மன்கிட்ட ஆராய்ச்சி, 1951-ல டாக்டர் பட்டம்.

கால்டெக்ல அவர் பண்ணின வேலையைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா ஆள் எப்படின்னு அதுல தெரியும். ஒரு தட்டையான பரப்பு மேல காத்து வேகமாப் போகும்போது அதைக் கொஞ்சம் இழுக்கும், உரசும். அந்த உராய்வு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுச் சொல்ல அப்பவே வழி இருந்துச்சு. தவான் அதை நேரடியா அளந்தே பார்க்கணும்னு இறங்கினார். தட்டுல ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியாப் பிரிச்சு, சுத்தி மயிரிழை இடைவெளி விட்டு, அசையற மாதிரி வெச்சு, காத்து அதைத் தள்ளுற அந்தத் துளி விசையை அளந்தார். அந்த இடைவெளி கொஞ்சம் சரியில்லன்னாலும் ரீடிங் கெட்டுப்போகும். லேப்ல ஒரு மேனோமீட்டர் ரீடிங்கை ஒழுங்கா எடுக்கவே நாம படுற பாடு உங்களுக்குத் தெரியும். ஃபார்முலா கையில இருக்கும்போதே "அது உண்மைதானா, தொட்டுப் பார்த்துடலாம்"னு நினைக்கிறதுதான் அந்த ஆளோட குணம்.

1951-லயே பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகத்துல சேர்ந்தார். நாட்டோட முதல் சூப்பர்சோனிக் விண்ட் டனலை அங்க அமைச்சவர் அவர்தான். 1962-ல அதோட டைரக்டர் ஆனார், 1981 வரைக்கும் இருந்தார். அந்தக் கழகத்தை அவ்வளவு காலம் நடத்தினவர் வேற யாரும் இல்ல.

கைடு பேர் இல்லாத பேப்பர்

இப்போ அந்த இன்னொரு பேருக்கு வருவோம். ரொத்தம் நரசிம்ஹா. பின்னாடி இந்தியாவோட பெரிய ஏரோஸ்பேஸ் விஞ்ஞானி ஆனவர். 1950-கள்ல தவானோட மாணவர்.

சீரான ஓட்டம் கலங்கின ஓட்டமா மாறுற இடத்துல என்ன நடக்குது? கோடு போட்ட மாதிரி ஒரே இடத்துல மாறிடாது. திட்டுத் திட்டாக் கலங்கும், மறுபடி தெளியும், மறுபடி கலங்கும். ஒரு புள்ளியில நின்னு பார்த்தா எவ்வளவு நேரம் கலங்கி இருக்கு, எவ்வளவு நேரம் தெளிஞ்சு இருக்குங்கிறதுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைச் சொன்ன ஒரு சின்ன பேப்பர் 1957-ல வந்துச்சு. அதுல ஆத்தர் ஒரே ஒருத்தர்தான், நரசிம்ஹா. 1933-ல பிறந்தவர், அப்போ இருபத்தி நாலு வயசைத் தொடுற மாணவர். கைடு பேர் அதுல இல்ல. அடுத்த வருஷம்தான் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின பெரிய பேப்பர் வருது.

இதைக் கவனிச்சப்போ கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம ஊர் ஆத்தர் லிஸ்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். வேலை பண்ணினவன் பேர் மூணாவதா வரும். லேப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு பேர் நடுவுல வந்து உட்காரும். "போட்டுக்கோப்பா, என்ன இப்போ"ன்னு விட்டுடுவோம். அப்படி இருக்கிற எனக்கு, கைடு பேர் இல்லாத அந்த ரெண்டு பக்கம் ராக்கெட் கதையை விடப் பெருசாத் தெரிஞ்சுது. அங்க மைக் இல்ல, பத்திரிகை இல்ல. யாரும் கை தட்டப் போறதும் இல்ல.

அதோட நிக்கல. நரசிம்ஹா அடுத்துப் போன இடம் கால்டெக், சேர்ந்தது லீப்மன்கிட்ட, அதாவது தவானோட சொந்த கைடுகிட்டயே. அங்க டாக்டர் பட்டம் வாங்கிட்டு நரசிம்ஹா திரும்ப பெங்களூருக்கே வந்தார். குரு தன் குருகிட்ட சிஷ்யனை அனுப்பி வைக்கிறதுன்னா, தன்கிட்ட இருக்கிறது இவனுக்குப் போதாதுன்னு ஒத்துக்கிற மாதிரி. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

சேர்மன் போட்ட நிபந்தனை

1971 டிசம்பர் 30-ஆம் தேதி விக்ரம் சாராபாய் திடீர்னு இறந்துட்டார். இந்திரா காந்தி அரசு இஸ்ரோவுக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டது தவானை. அப்போ அவர் விடுப்புல கால்டெக்ல இருந்தார். நம்மள்ல யாருக்காவது அப்படி ஒரு போன் வந்தா அடுத்த நிமிஷமே லிங்க்ட்இன்ல போஸ்ட் போட்டிருப்போம். அவர் நிபந்தனை போட்டார். இஸ்ரோ தலைமையகம் பெங்களூர்ல இருக்கணும், தான் அறிவியல் கழகத்தோட டைரக்டராவும் தொடரணும். ரெண்டுக்கும் சம்மதம் கிடைச்சுது. 1972-ல பொறுப்பேத்தார், 1984 வரைக்கும் இருந்தார்.

வேலை சம்பந்தமான நிபந்தனைன்னு மட்டும் இதை நான் பார்க்கல. மாணவர்களும் வீடும் இருக்கிற ஊரை விட்டு அவர் போக விரும்பலன்னுதான் எனக்குத் தோணுது. அந்த வீடும் சாதாரண வீடு இல்ல. மனைவி நளினி குரோமோசோம்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவர். மகள் ஜோத்ஸ்னா பின்னாடி உயிரணு உயிரியல் விஞ்ஞானி ஆனார். அப்பா ராக்கெட் துறையில இருந்தா பிள்ளையும் ராக்கெட்டுக்குத்தான் வரணும்னு அங்க யாரும் நெருக்கலன்னு நினைக்கிறேன். ஒரு வீட்டுல கேள்வி கேட்கிற பழக்கம் இருந்தா, பிள்ளைங்க அவங்கவங்க கேள்வியைத் தேடிக்கிட்டுப் போவாங்க போல.

அப்புறம் பறவைகள். ஸ்ரீஹரிகோட்டா நம்ம சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குற ஏரி. ராக்கெட் வேலையா அங்க போன தவான் பறவைகளையும் பார்த்தார். சும்மா வேடிக்கை பார்க்கல. அதுங்க எப்படிப் பறக்குது, இறக்கையை எப்படி வளைக்குது, எப்படி இறங்குதுன்னு ஏரோடைனமிக்ஸ் கண்ணோட பார்த்து, பறவைப் பறத்தல் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். தேசத்தோட விண்வெளித் திட்டத்தை நடத்தின மனுஷனுக்கு ஒரு கூழைக்கடா எப்படி இறங்குதுன்னு பார்க்க நேரம் இருந்திருக்கு. எனக்கு ஒரு செமஸ்டர்ல ஒரு நாள்கூட எந்தப் பறவையையும் நின்னு பார்க்க நேரம் கிடைச்சதில்ல.

இப்போ என் கதை

போன வருஷம் நான் எங்க ஏரோ மாடலிங் கிளப்போட லீட். ஒரு இன்டர் காலேஜ் போட்டி. எங்க ஆர்.சி. பிளேனைப் பறக்க விடணும். காலைல கடைசி நிமிஷ செக். பேட்டரியை உள்ள வெச்ச செகண்ட் இயர் தம்பி என்கிட்ட வந்து சொன்னான்:

"அண்ணா, வெல்க்ரோ சரியாப் பிடிக்கல. ஸிப் டை போட்டுடலாமா? அஞ்சு நிமிஷம்தான்."

எங்க டர்ன் வந்துடுச்சு. நான் சொன்னேன், "டைம் இல்லடா. அதெல்லாம் நிக்கும். ஏத்து."

பிளேன் கிளம்புச்சு, மூக்கைத் தூக்குச்சு. ஏத்தத்துல பேட்டரி பின்னாடி நழுவிடுச்சு. எடை மையம் பின்னாடி போனா என்ன ஆகும்னு மெக்கானிக்கல், ஏரோ மக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்கு: மூக்கு இன்னும் மேல போகும், நாம இறக்கப் பார்த்தாலும் இறங்காது, ஒரு கட்டத்துல இறக்கை காத்தைப் பிடிக்கிறதை விட்டுடும். பிளேன் கல்லு மாதிரி விழுந்துச்சு. பத்து விநாடிகூட இருக்காது. ஆறு மாச வேலை.

காலேஜ் வந்ததும் ஃபேகல்டி முன்னாடி ரிவ்யூ. என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. நான் சொன்ன வாக்கியம் அப்படியே ஞாபகம் இருக்கு: "பேட்டரி மவுண்டிங் செகண்ட் இயர் பையன்கிட்ட கொடுத்திருந்தோம் சார், சரியா ஃபிக்ஸ் பண்ணல."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. அவன்கிட்டதான் கொடுத்திருந்தோம். சரியா ஃபிக்ஸ் ஆகலதான். அவன் கடைசி வரிசையில நின்னுக்கிட்டு இருந்தான், என்னைப் பார்த்தான், ஒண்ணும் சொல்லல. கிளப் ரிப்போர்ட்டுலயும் 'பேட்டரி பொருத்துவதில் ஜூனியர் உறுப்பினரின் கவனக்குறைவு'ன்னு எழுதினோம். எழுதினது நான்தான். அடுத்த மாசம் அவன் கிளப்புக்கு வர்றதை நிறுத்திட்டான். "இன்ட்ரஸ்ட் இல்ல போல"ன்னு பேசிக்கிட்டோம்.

இப்போ மறுபடி 1979-க்கு வாங்க. கை தட்டுற அவசரத்துல நாம கவனிக்காம விடுற ஒரு பகுதி அந்தக் கதைல இருக்கு. அன்னைக்கு கவுண்ட் டவுன் நடக்கும்போது கம்ப்யூட்டர் 'நிறுத்து'ன்னு சொல்லிச்சு. ரெண்டாம் கட்டத்தோட கண்ட்ரோல் சிஸ்டத்துல ஒரு கசிவு. நிபுணர்கள் பரவாயில்லன்னாங்க, கலாமும் மீறிப் போகலாம்னு முடிவெடுத்தார். முதல் கட்டம் நல்லாப் போச்சு. ரெண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. 317 விநாடில எல்லாம் முடிஞ்சுது. இது கலாமே சொன்னது.

அதாவது, "அதெல்லாம் நிக்கும், ஏத்து." அதே தப்பு. வெல்க்ரோவுக்குப் பதிலா ஆசிட் கசிவு, அவ்வளவுதான் வித்தியாசம். கலாம் பண்ணின தப்பைத்தான் நானும் பண்ணினேன், அதுல எனக்குப் பெரிய வெட்கம் இல்ல. அவசரத்துல யாரும் பண்ணுவாங்க. வெட்கம் அதுக்கு அப்புறம் நடந்ததுல. தவான் உட்கார்ந்த நாற்காலி எனக்கும் கிடைச்சுது, சின்னதா. நான் அதுல வேற ஒருத்தனை உட்கார வெச்சேன்.

ரெண்டு எதிர்க் கேள்வி

இதை எங்க ஹாஸ்டல்ல பேசினப்போ ரெண்டு பேர் ரெண்டு கேள்வி கேட்டாங்க. நியாயமான கேள்விங்க.

முதல் கேள்வி: "மச்சான், அவர் சேர்மன். அவருக்கு என்ன நஷ்டம்? நமக்கு ப்ளேஸ்மென்ட் இருக்கு, ரெஃபரன்ஸ் லெட்டர் இருக்கு." சரி. ஆனா சோத்துக்கே கஷ்டப்படுற நாடு ராக்கெட்ல காசைக் கரைக்குதுன்னு கேள்வி கேட்ட காலம் அது. மக்கள் பணம் கடலுக்குள்ள போயிடுச்சுன்னு எழுதக் காத்திருந்த பத்திரிகைகள் முன்னாடி போய் உட்கார்றது சும்மா இல்ல. உயரமான நாற்காலில இருந்து விழுந்தா அடி அதிகமாத்தான் படும். நம்ம நாற்காலி தரையோட தரையா இருக்கு. ஹெச்.ஓ.டி. ரெண்டு திட்டு திட்டியிருப்பார், அவ்வளவுதான் எனக்கு நடந்திருக்கும்.

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது: "அப்போ தப்பு பண்ணினவனை மூடி மறைக்கணுமா? அக்கவுண்டபிலிட்டி வேணாமா?" இங்கதான் ஃபார்வேர்டு மெசேஜ் நம்மளை ஏமாத்துது. பிரஸ் மீட்டோட கதையை முடிச்சுடுது. நடந்தது அப்படி இல்ல. தோல்விக்கான காரணத்தைத் தோண்டித் துருவி ஆராய்ஞ்சாங்க, கசிவைக் கண்டுபிடிச்சாங்க. அந்த ரிவ்யூ கூட்டத்துல கலாமே எழுந்து நின்னு, கசிவைப் பெருசா எடுத்துக்காதது தன் தப்புன்னு தவான்கிட்ட சொன்னதா 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார். யாரும் எதையும் மறைக்கல. அறைக்குள்ள உண்மை முழுசா வெளிய வந்துச்சு. வெளிய உலகத்துக்கு முன்னாடி சேர்மன் நின்னார்.

யோசிச்சா, வெளிய அவர் அப்படி நின்னதாலதான் உள்ள இவர் எழுந்து நிக்க முடிஞ்சிருக்கும். எங்க ரிவ்யூல நேர்மாறு. வெளிய ஜூனியரைக் காட்டிக் கொடுத்தோம், அதனால உள்ள உண்மை வரவே இல்ல. 'ஸிப் டை போடலாமான்னு ஒருத்தன் கேட்டான், லீட் வேணாம்னுட்டான்'ங்கிறது எங்க ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல. அடுத்த வருஷ டீம் அந்த ரிப்போர்ட்டைப் படிச்சா என்ன கத்துக்கும்? ஜூனியரை நம்பாதேன்னு கத்துக்கும். கத்துக்க வேண்டியது, ஜூனியர் சொன்னா நில்லுங்கிறது.

அவரால எப்படி முடிஞ்சுது?

எனக்குக் கிடைச்ச பதில் இதுதான், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. தவானோட பெருந்தன்மையை நாம தியாகம் மாதிரி பேசுறோம். எனக்கு அது தியாகமாத் தெரியல. அவருக்கு சந்தோஷம் வேற இடத்துல இருந்துச்சு. அந்தத் துளி விசையை அளந்ததுல, ஓட்டம் கலங்குற விதத்துல, கூழைக்கடா இறங்குறதுல, பையன் ஒருத்தன் தன்னைத் தாண்டிப் போறதுல. கைதட்டல்ல மட்டும் சந்தோஷம் இருக்கிறவனால அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தா அவன்கிட்ட மிச்சம் ஒண்ணும் இருக்காது.

அந்த ஆறு மாசம் எனக்கு பிளேன் மேல ஆர்வம் இருந்துச்சான்னு கேட்டா, உண்மையைச் சொல்றேன், கம்மிதான். ரெஸ்யூமேல 'டீம் லீட்'னு ஒரு வரி வேணும். அதான் விழுந்தப்போ பிளேனை விட அந்த வரியைக் காப்பாத்தத் தோணுச்சு. வெல்க்ரோ பிடிக்கலன்னு கண்டுபிடிச்ச அந்தத் தம்பிக்குத்தான் உண்மையில பிளேன் மேல கண்ணு இருந்திருக்கு.

சதீஷ் தவான் 2002 ஜனவரி 3 அன்னைக்கு, 81 வயசுல இறந்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அதே வருஷம் அவர் பேர் வெச்சாங்க. கலாம் குடியரசுத் தலைவர் ஆனதும் அதே வருஷம்தான். அந்த பிரஸ் மீட்டைப் போன இடமெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தவர் கலாம். காப்பாத்தப்பட்டவர் மறக்காம சொன்னதாலதான் நமக்கு இது தெரியும்.

எங்க தம்பியும் யார்கிட்டயாவது சொல்லியிருப்பான். அவன் சொல்ற கதைல நான் யாரா இருப்பேன்னு எனக்குத் தெரியும்.

போன வாரம் அவனைப் போய்ப் பார்த்தேன். சாரி சொன்னேன். "பரவாயில்ல அண்ணா, அதெல்லாம் எப்பவோ"ன்னு சொல்லிட்டு லேப் ரெக்கார்டு முடிக்கணும்னு கிளம்பிட்டான். ரெண்டு நிமிஷம்கூடப் பேசல. சினிமா மாதிரி கட்டிப்பிடிப்பான்னு நான் எதிர்பார்க்கவும் கூடாது. ரூமுக்குள்ள போய்த் தனியா சாரி சொல்றது ஈஸி. நான் அவனை மாட்டி விட்டது பத்துப் பேர் முன்னாடி.

அதனால பத்துப் பேருக்கு மேல படிக்கிற இந்த இடத்துல எழுதுறேன். ஃபேகல்டியும் படிப்பாங்கன்னு தெரியும். போன வருஷம் பிளேன் விழுந்ததுக்குக் காரணம் பேட்டரி வெச்ச ஜூனியர் இல்ல. வெல்க்ரோ பிடிக்கலன்னு அவன் முன்னாடியே சொன்னான், ஸிப் டை கேட்டான். வேணாம்னு சொன்ன லீட் நான். ரிப்போர்ட்டைத் திருத்தி கிளப் ஃபோல்டர்ல போட்டுட்டேன். பழையதையும் அழிக்கல, பக்கத்துலயே இருக்கு.

இந்த மாசம் எல்லா கிளப்லயும் புது லீட் போடுவாங்க. அது நீங்களா இருந்தா, ஒரே ஒரு விஷயம். செக்லிஸ்ட்ல கடைசி வரியா 'யாராவது வேணாம்னு சொன்னாங்களா?'ன்னு சேர்த்துக்கோங்க. பக்கத்துல பேர் எழுத இடம் விடுங்க. எங்க கிளப் ஷீட்ல நான் சேர்த்துட்டேன்.